உணவோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும்: நொதிகளும் கணையக் கேப்சூல்களும்

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தம் மனைவியுடன் வந்திருந்தார். நாட்பட்ட கணைய அழற்சி என முன்பே கண்டறியப்பட்டு, கணைய நொதி கேப்சூல்கள் எழுதித் தரப்பட்டவர் அவர். ஆயினும் நான்கு மாதங்களில் அவருடைய எடை 54 கிலோவிலிருந்து 49 கிலோவாகக் குறைந்திருந்தது. மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதப்பதாகவும், எவ்வளவு நீர் ஊற்றினாலும் எளிதில் அகல்வதில்லை என்றும் தயக்கத்துடன் கூறினார்.

“மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை, டாக்டர்” என்றார் அவருடைய மனைவி. காலி அட்டைகளைக்கூடப் பையில் கொண்டு வந்திருந்தார். எந்த நேரத்தில் உட்கொள்கிறார் என்று கேட்டோம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, இரவு படுக்கப் போகும்போது ஒன்று என்று பதில் வந்தது. வீட்டில் பெரியவர்கள் இரத்த அழுத்த மாத்திரையை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், இதையும் அவ்வாறே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நோயறிதல் சரியானது, மருந்தும் சரியானது. ஆனால் அந்த நான்கு மாதங்களில் அம்மருந்து ஒரு பருக்கைச் சோற்றைக்கூடச் சந்திக்கவில்லை. சீட்டில் “காலை ஒன்று, இரவு ஒன்று” என எழுதிவிட்டு, காரணத்தை விளக்காமல் விட்ட மருத்துவர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. அந்தக் காரணத்தை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். நொதி என்பது எவ்வாறு வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால், இந்த மருந்தை எப்போது, எப்படி எடுத்துக்கொள்வது என்பதைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நொதி என்பது யாது?

ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் இனிப்புச் சுவை தோன்றும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, சோற்றின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

நம் உடலில் ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற வேதிவினைகள் நடைபெறுகின்றன. அவற்றை வேகப்படுத்துபவை நொதிகள். மிகப் பெரும்பாலான நொதிகள் புரதங்களே. 1833-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பாயன், பெர்சோ ஆகிய இருவரும் முளைகட்டிய தானியத்திலிருந்து மாவுச்சத்தை உடைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு டயஸ்டேஸ் எனப் பெயரிட்டனர். 1897-இல் ஜெர்மனியின் எட்வர்ட் பூக்னர், ஈஸ்ட் செல்களை அரைத்துப் பிழிந்த சாறு, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத நிலையிலும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். அதற்காக அவருக்கு 1907-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உயிரணுவுக்கு வெளியிலும் நொதி வேலை செய்யும் என்பது அன்று உறுதியாயிற்று. நொதியைக் கேப்சூலில் அடைத்து மருந்தாகத் தர இயல்வதற்கும் இந்த உண்மையே அடிப்படை.

மலையும் கணவாயும்

நாம் உண்ணும் பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றிலுள்ள புரதம் மிக உறுதியான பிணைப்புகளால் ஆனது. அதை வெறும் நீரில் அறை வெப்பநிலையில் வைத்திருந்தால், பிணைப்புகளில் பாதியளவு தாமாக உடைவதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆகும். ஆய்வகத்தில் புரதத்தை முழுவதுமாக உடைக்க வேண்டுமானால், அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் வைத்திருப்பார்கள். அதே வேலையை நம் சிறுகுடல், 37 டிகிரி வெப்பநிலையில், சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

இது எவ்வாறு இயல்கிறது? எந்த வேதிவினையும் தொடங்குவதற்கு ஒரு தடையைத் தாண்ட வேண்டும். அதனைக் கிளர்வு ஆற்றல் என்பர். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்ல வேண்டிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சி வரை ஏறி இறங்கித்தான் செல்ல வேண்டும் என்றால், வலிமை மிக்க ஒரு சிலரே சென்று சேர்வர். ஆனால் மலைகளுக்கிடையே தாழ்ந்த பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. அதன் வழியே நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் போய் வருகின்றனர். ஊர்கள் இரண்டும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பயணிகளும் அதே வலிமை உடையவர்கள்தாம். வழி மட்டுமே மாறியிருக்கிறது.

நொதி செய்வதும் இதுதான். வினை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதை அது மாற்றுவதில்லை. தாண்ட வேண்டிய தடை குறைவாக உள்ள ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. அவ்வழியின் வேகம் வியக்கத்தக்கது. நம் சிவப்பணுக்களில் உள்ள கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு, நொடிக்குச் சுமார் பத்து இலட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை மாற்ற வல்லது.

பூட்டும் சாவியும்

ஒவ்வொரு நொதியின் மேற்பரப்பிலும் ஒரு சிறு பள்ளம் போன்ற பகுதி உண்டு. மாற்றப்பட வேண்டிய பொருள் அதில் வந்து பொருந்தினால்தான் வினை நடைபெறும். எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் 1894-இல் இதனைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டார். பொருள் வந்து அமரும்போது நொதியும் தன் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொண்டு அதனை அணைத்துக்கொள்கிறது என்பதை 1958-இல் கோஷ்லண்ட் எடுத்துரைத்தார். வினை முடிந்ததும் உடைந்த துண்டுகள் விலகிச் செல்கின்றன; நொதி பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த மூலக்கூறுக்கு ஆயத்தமாகிறது.

இதிலிருந்து நோயாளர்கள் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் கொழுப்பைத் தொடாது. கொழுப்பை உடைக்க லைப்பேஸ் வேண்டும். புரதத்தை உடைக்க டிரிப்சின் போன்றவை வேண்டும். மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் செரிமான டானிக்குகள் பலவற்றில் இருப்பது மாவுச்சத்தை உடைக்கும் டயஸ்டேசும், இரைப்பைக்குரிய பெப்சினும் ஆகும். அவை கணைய நொதி கேப்சூலுக்கு மாற்றாகா. இரண்டாவது, நொதியும் உணவும் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும். மற்ற மருந்துகளைப் போல இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சென்று இது வேலை செய்வதில்லை. குடலுக்குள், உணவோடு நேரில் கலந்தால் மட்டுமே இதற்குப் பயன் உண்டு.

வெப்பமும் புளிப்பும்

கோடையில் சென்னையில் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழிகிறது. உதகையின் குளிரில் அதே மாவு மறுநாளும் காத்திருக்க வைக்கிறது. மாவில் வளரும் நுண்ணுயிரிகளும் அவற்றின் நொதிகளும் இளஞ்சூட்டில் விரைந்தும் குளிரில் மெதுவாகவும் இயங்குவதே காரணம். ஆனால் சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகிவிடும். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாது என்பது வீட்டில் அனைவரும் அறிந்ததே. நொதி ஒரு புரதம். அவித்த முட்டையின் வெண்கரு மீண்டும் நீர்மமாக ஆகாதது போல, அதிகச் சூட்டில் வடிவம் குலைந்த நொதியும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவேதான் கேப்சூலைப் பிரித்துச் சூடான கஞ்சியிலோ ரசத்திலோ கலக்க வேண்டாம் என்கிறோம்.

புளிப்பும் அவ்வாறே. இரைப்பையின் கடும் அமிலத்தில் பெப்சின் நன்றாக வேலை செய்யும். கணைய நொதிகளுக்கோ அமிலம் ஆகாது. சிறுகுடலின் இலேசான காரத்தன்மையே அவற்றுக்கு ஏற்றது. குறிப்பாக லைப்பேஸ், பி.எச். அளவு 4-க்குக் கீழே சென்றால் நிலையாகச் செயலிழந்துவிடும். இதைத் தவிர்ப்பதற்காகவே, கேப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகளுக்கு அமிலத்தில் கரையாத ஒரு பூச்சு இடப்பட்டுள்ளது. இரைப்பையைக் கடந்து, பி.எச். சுமார் 5.5-க்கு மேல் உள்ள சிறுகுடலை அடைந்த பின்னரே அப்பூச்சு கரையும். மணிகளை மென்றாலோ பொடித்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும், வாயும் புண்ணாகும்.

இடம் தவறினால் என்ன ஆகும்?

கணையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் செரிமான நீரைச் சுரக்கிறது. புரதத்தை உடைக்கும் நொதியைச் சுரக்கும் கணையமே புரதத்தால் ஆனதுதான். அப்படியானால் அது தன்னையே செரித்துவிடாமல் இருப்பது எவ்வாறு?

கணையம் டிரிப்சினை நேரடியாக ஆக்குவதில்லை. டிரிப்சினோஜன் என்னும் உறங்கும் வடிவில் ஆக்கி, குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. சிறுகுடலின் சுவரில் உள்ள மற்றொரு நொதி அதைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த டிரிப்சின் ஏனைய நொதிகளையும் எழுப்புகிறது. தவறிப்போய்க் கணையத்துக்குள்ளேயே சிறிது டிரிப்சின் விழித்துக்கொண்டால், அதைக் கட்டுப்படுத்த ஒரு தடுப்புப் புரதமும் அங்கே காவலுக்கு உள்ளது.

இந்தக் காவல்கள் தோற்கும்போது, நொதிகள் கணையத்தையே செரிக்கத் தொடங்குகின்றன. மது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. தென்னிந்தியாவில், மதுவைத் தொட்டறியாத இளம் வயதினரிடமும் கணையத்தில் கற்கள் படியும் ஒருவகை நாட்பட்ட அழற்சி காணப்படுகிறது. அவர்களுள் பலரிடம், நாம் மேலே கூறிய காவல் புரதத்திற்குரிய மரபணுவில் மாற்றம் இருப்பது அறியப்பட்டுள்ளது. ஆகவே கணைய நோய் என்றவுடன் “குடிப்பவராக இருக்கும்” என்று உற்றாரும் அயலாரும் முடிவு கட்டிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். அத்தகைய சொற்கள் தரும் வேதனையைப் பல குடும்பங்கள் எங்களிடம் கண்ணீருடன் பகிர்ந்திருக்கின்றன.

கணையத்திற்கு மிகுந்த இருப்புத்திறன் உண்டு. லைப்பேஸ் சுரப்பு இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்த பின்னரே, கொழுப்பு மலத்தில் வெளிப்படையாகக் கழியத் தொடங்கும். அதாவது அறிகுறி தெரியும்போது ஏறத்தாழ 90 விழுக்காடு இழக்கப்பட்டிருக்கும். அதன் பின் மருந்தின்றி ஈடுசெய்ய இயலாது. உண்ட கொழுப்பு கழிந்துபோவதால் எடை குறைகிறது; கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடன் கழிந்துபோவதால் எலும்பு தேய்தல், மாலைக்கண், இரத்தம் உறையத் தாமதித்தல் ஆகியவையும் நேரலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நொதி தீர்ந்துபோகாது என்கிறீர்கள். பிறகு ஒவ்வொரு வேளையும் ஏன் எடுக்க வேண்டும்?

மிகச் சரியான கேள்வி. வினையால் நொதி செலவழிவதில்லை. ஆனால் அது குடலில் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. உணவோடு சேர்ந்து கீழே நகர்ந்துகொண்டே இருக்கிறது. அத்துடன், நொதியும் புரதம் என்பதால் ஏனைய நொதிகள் அதனையும் செரித்துவிடுகின்றன. காலையில் உட்கொண்டது மதிய உணவுக்கு மிஞ்சாது.

மறந்துவிட்டால் பிறகு எடுக்கலாமா?

உண்டுகொண்டிருக்கும்போதோ உண்டு முடித்தவுடனோ நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மணிக்கணக்கு கடந்துவிட்டால் பயனில்லை; அடுத்த வேளையில் வழக்கமான அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்காக்க வேண்டாம்.

அதிகமாக எடுத்தால் இன்னும் நன்றாகச் செரிக்குமா?

உணவின் அளவுக்குப் போதிய நொதி கிடைத்த பின், மேலும் சேர்ப்பதால் வேகம் கூடாது. 1990-களில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோயுள்ள குழந்தைகள் சிலருக்கு மிக அதிக அளவு கொடுக்கப்பட்டபோது பெருங்குடலில் தழும்பும் அடைப்பும் ஏற்பட்டன. அதனால் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 10,000 லைப்பேஸ் அலகுகள் என்பதை உச்ச வரம்பாகக் கொள்கிறோம்.

எண்ணெயும் நெய்யும் அறவே கூடாதா?

பல வீடுகளில் நோயாளருக்கென எண்ணெயின்றித் தனியே சமைக்கிறார்கள். அன்பினால் செய்வதே எனினும், அது எடையை மேலும் குறைத்துவிடுகிறது. நொதியைச் சரியாக எடுத்துக்கொள்ளும் பெரும்பாலானோர், வீட்டில் அனைவரும் உண்ணும் இயல்பான உணவையே உண்ணலாம். மதுவையும் புகையையும் மட்டும் முற்றிலும் விலக்க வேண்டும்.

மருந்து எதிலிருந்து எடுக்கப்படுகிறது?

நாங்கள் எழுதித் தரும் கணைய நொதி கேப்சூல்கள் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. இதனை அறிந்துகொள்வது உங்கள் உரிமை. சமய நெறியாலோ உணவு நெறியாலோ தயக்கம் இருப்பின், சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். எங்களிடம் மனம் திறந்து பேசுங்கள். நீங்கள் மதிக்கும் சமயப் பெரியவர்களிடமும் கலந்துகொள்ளுங்கள்.

மலப் பரிசோதனைக்கு முன் மருந்தை நிறுத்த வேண்டுமா?

கணையச் சுரப்பை அறிய மலத்தில் எலாஸ்டேஸ் என்னும் நொதியை அளக்கிறோம். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் குறைபாடு இருக்கக்கூடும். மனித எலாஸ்டேசை மட்டும் கண்டறியும் முறையில் பரிசோதிக்கும்போது கேப்சூலை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் மலம் நீராகக் கழியும் நாளில் மாதிரி தராதீர்கள். முடிவு தவறாகக் குறைந்து காட்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. முதல் கவளத்தோடு கேப்சூலை விழுங்குங்கள். இரண்டு கேப்சூல்கள் எனில் ஒன்றைத் தொடக்கத்திலும் மற்றதை உணவின் நடுவிலும் எடுக்கலாம். கல்யாணப் பந்தி போன்ற நீண்ட விருந்தில் இம்முறையே நல்லது.

2. பெரியவர்கள் பலருக்கு முக்கிய உணவுடன் 25,000 முதல் 50,000 லைப்பேஸ் அலகுகளும், சிற்றுண்டியுடன் அதில் பாதியும் தேவைப்படுகின்றன. உங்கள் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அட்டையில் உள்ள எண் லைப்பேஸ் அலகைக் குறிப்பதாகும். கடையில் வேறு அளவுள்ளதை மாற்றித் தந்தால் கவனியுங்கள்.

3. மாலையில் பால் சேர்த்த தேநீருடன் வடையோ பிஸ்கட்டோ உண்டால் அதுவும் ஒரு வேளைதான். இளநீர், எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத தேநீர் ஆகியவற்றுக்குத் தேவையில்லை.

4. சாதாரணமான அல்லது குளிர்ந்த நீருடன் விழுங்குங்கள். விழுங்க இயலாதவர்கள் கேப்சூலைத் திறந்து, ஆப்பிள் மசியல் போன்ற புளிப்புள்ள, ஆறிய, மென்மையான உணவு ஒரு கரண்டியில் மணிகளைத் தூவி, மெல்லாமல் உடனே விழுங்கி, நீர் பருகலாம். பாலில் கலக்க வேண்டாம்.

5. வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளோ அடுப்பங்கரை அலமாரியிலோ வைக்காதீர்கள்.

6. சர்க்கரை நோயும் உள்ளவர்கள், நொதி தொடங்கிய முதல் வாரங்களில் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி அளந்து பாருங்கள். உணவு நன்கு செரித்து உட்கிரகிக்கப்படுவதால் அளவு உயரலாம். இன்சுலினை மாற்றியமைக்க நேரிடும்.

7. சரியாக எடுத்தும் எடை கூடவில்லை, மலம் மாறவில்லை என்றால் வந்து காட்டுங்கள். நோயுற்ற கணையம் அமிலத்தைத் தணிக்கும் காரநீரையும் குறைவாகவே சுரப்பதால், சிலருக்கு மணிகளின் பூச்சு உரிய இடத்தில் கரைவதில்லை. அவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து சேர்க்க வேண்டியிருக்கும். வேறு காரணங்களையும் ஆராய வேண்டியிருக்கும்.

முதலில் குறிப்பிட்ட அன்பருக்கு நாங்கள் புதிய மருந்து எதையும் எழுதவில்லை. அதே கேப்சூலை மூன்று வேளை உணவுடனும், மாலைச் சிற்றுண்டியுடனும் எடுக்குமாறு மாற்றி, காரணத்தைத் தாளில் படம் வரைந்து விளக்கினோம். மாத்திரைப் பெட்டியைப் படுக்கையறையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில், உப்புக் கிண்ணத்தின் அருகில் வைத்துவிட்டதாக அவருடைய மனைவி அடுத்த முறை கூறினார். மூன்று மாதங்களுக்குப் பின் எடை 53 கிலோவாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் கணைய நொதி கேப்சூல் இருந்தால், அது இன்று எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சோறு பரிமாறும் இடத்திற்கு அதனைக் கொண்டு வாருங்கள்.